நஞ்சுக்கொடி 31 மில்லிமீட்டர் என்றால் 31 வாரமா?

கோரையாற்றுக்கரை:
தங்கச்சிக்கு இது இரண்டாவது. மூத்தவனுக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் இடையில் தலைக்கே குளிக்கவில்லை, அதனால் கடைசித் தேதி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் நர்சம்மாவிடம் போனாள், அப்புறம் தை அறுவடை வந்துவிட்டது, முதல் ஸ்கேனே மாசி 13ஆம் தேதிதான். தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து 29 வாரம் என்று ரிப்போர்ட். அதே தாளில் நஞ்சுக்கொடி தடிமன் 31 மி.மீ. எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை வாரம் என்கிறான் சொந்தக்காரப் பையன். 29 என்றால் ஏழாம் மாதம், வளைகாப்பு போடலாம். 31 என்றால் எட்டு பிறந்துவிட்டது, அம்மா கையைப் பிசைகிறார். என் பயம் வேறு. உண்மையில் 31 ஆகி, குழந்தைதான் சிறுத்திருக்கிறதோ?

ஸ்கேன் ரூம்:
அந்தக் கணக்கு இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் தோராயம். தொப்புள்கொடி வந்து சேரும் இடத்தில், நேர்குத்தாக அளக்க வேண்டும். வயிற்றின்மேல் வைக்கிற ஸ்கேன் கருவி (புரோப்) கொஞ்சம் சாய்ந்தாலே சில மில்லிமீட்டர் கூடிவிடும். அந்த நேரம் கர்ப்பப்பை இறுகியிருந்தால் அந்த இடம் புடைத்துத் தெரியும், கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருக்காது. பனிக்குட நீர் அதிகமென்றால் நஞ்சுக்கொடி மெலிந்து பரவிவிடும். இதை வைத்துத் தேதி எழுத முடியாது.

மன்னார்குடி அம்மா:
எனக்கு 36வது வாரத்தில் 43 மி.மீ. இருந்தது. 12வது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்திருந்ததால் தேதியை யாரும் தொடவில்லை, சர்க்கரையைத்தான் பார்த்தார்கள், கூடுதலாகவே இருந்தது. 40 மி.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்ப்பார்களாம். தங்கச்சிக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள்.

பிரசவ டாக்டர்:
31 மி.மீ. இந்த மாதத்துக்குச் சாதாரண அளவுதான், பயப்பட வேண்டாம். வயதை உறுதியாகச் சொல்வது 14 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேன்தான். குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை நீளத்தை அளந்தால் ஒரு வாரத்துக்குமேல் தப்பாது. 28 வாரத்துக்கு மேல் முதல்முறையாக எடுத்தால் மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகலாம். ஏனென்றால் அதற்குள் குழந்தைக்குக் குழந்தை வளர்த்தி மாறிவிடுகிறது. நஞ்சுக்கொடியும் அப்படித்தான், சில தாய்களுக்கு மெல்லிசு, சிலருக்குத் தடிமன்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. இரண்டு வாரம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 34 வாரத்துக்கு முன்னால் வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம், தேதி தப்பாக 35 என்று எழுதியிருந்தால் அது விட்டுப்போகும். சிறுத்திருக்கிறதா என்பதை ஒரே ஸ்கேன் சொல்லாது. மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள், குழந்தை மூன்று வார வளர்த்தி வளர்ந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. சிறுமூளையின் குறுக்களவையும் கேளுங்கள், குழந்தை மெலிந்தாலும் அது சீக்கிரம் குறையாது. அப்புறம் நர்சம்மா அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் அசைவு என்றைக்கு என்று தங்கையைக் கேளுங்கள், இரண்டாவது பிரசவத்தில் 16, 18 வாரத்திலேயே தெரியும்.

கோரையாற்றுக்கரை:
அட்டை கிடைத்தது, அரிசி டின்னுக்கு மேலே இருந்திருக்கிறது. மார்கழி 10, ‘கர்ப்பப்பை தொப்புள் மட்டம்’ என்று பேனாவில் எழுதியிருக்கிறார் நர்சம்மா. அசைவு எப்போது என்று கேட்டதும் தங்கச்சி யோசிக்கவே இல்லை: பெரிய கார்த்திகை அன்று அகல் ஏற்றக் குனிந்தபோது உள்ளே மீன் துள்ளியது மாதிரி இருந்ததாம்.

பிரசவ டாக்டர்:
தொப்புள் மட்டம் என்றால் ஏறத்தாழ 20 வாரம். அன்றிலிருந்து மாசி 13 வரை ஒன்பது வாரம், 29 வருகிறது. கார்த்திகை அசைவும் 17 வாரத்தில் ஒத்துப்போகிறது. 29 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஸ்கேனைப் பார்த்துத் தேதியை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கோரையாற்றுக்கரை:
ரொம்ப நன்றி டாக்டர். சர்க்கரைக்கு நாளைக் காலையிலேயே ரத்தம் கொடுக்கிறாள். பங்குனி 4 மறு ஸ்கேன். வளைகாப்பை அவசரமாக வைக்க வேண்டாம், ஒன்பதாம் மாதம் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.