பேராயர் இல்லத்தில் பார்த்த செங்குஞ்சம்

பெரு நாட்டின் குஸ்கோ நகரில், இன்காக்கள் கட்டிய சுவரில் இருக்கும் பன்னிரண்டு மூலைக் கல்லைப் பற்றி இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். அந்தக் கல் பதிந்திருக்கும் வீட்டுக்குள் போனதாக ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்கா அரச வம்சத்தின் ரோக்கா மன்னருடைய அரண்மனைச் சுவர் அது. அதன் மேல் ஸ்பானியர் எழுப்பிய மாளிகை பிற்காலத்தில் பேராயர் இல்லமானது. இன்று சமயக் கலை அருங்காட்சியகம். பேராலயத்துக்கும் இதற்கும் சேர்த்தே டிக்கெட் கிடைக்கிறது.

நான் போனது ஒரே ஓவியத் தொடருக்காக. குஸ்கோவின் சாந்தா அனா பங்கு ஆலயத்தில் ஒருகாலத்தில் தொங்கிய நற்கருணைப் பவனி (கார்பஸ் கிறிஸ்தி திருவிழா ஊர்வலம்) ஓவியங்கள். 1650 நிலநடுக்கத்தில் இடிந்த நகரம் ஆயர் மொலினேதோவின் காலத்தில் மீண்டும் எழுந்தபோது வரையப்பட்டவை. வரைந்தவர்கள் கையொப்பம் இடவில்லை. பங்கின் புனிதர் சுரூபத்துக்கு முன்னால் ஓர் இன்கா பிரபு நடக்கிறார். கைகளில் ஸ்பானிய லேஸ். மார்பிலோ இன்காக்கள் வணங்கிய சூரியன்! நெற்றியில் சிவப்புக் குஞ்சம், மாஸ்காபாய்ச்சா. இன்கா அரசர் மட்டுமே அணிந்த குஞ்சம் அது. அரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாகியும், திருவிழா நாளில் இன்கா பிரபுக்கள் அதை அணிந்து ஊர் நடுவே நடந்திருக்கிறார்கள். அந்த முகத்தில் பணிவைத் தேடினேன், காணவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மற்ற அறைகளில் மாதாவும் வானதூதர்களும் பொன் பூச்சில் மின்னுகிறார்கள். அழகுதான், ஆனால் என் மனம் அந்தப் பவனி ஓவியங்களிடமே தங்கிவிட்டது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. அந்த ஓவியங்களில் உள்ள தேர்களைக் கவனித்தீர்களா? குஸ்கோவில் அப்படிப்பட்ட தேர்கள் ஓடியதே இல்லை. ஸ்பெயினின் வலென்சியா நகர விழாவைப் பற்றி 1663இல் வெளிவந்த நூலின் செதுக்குப் படங்களைப் பார்த்து வரைந்தவை. இதை அறிந்தபின் அவற்றின் மீது எனக்கு மதிப்புக் கூடியது. தேர் இரவல், அதன் முன்னால் நடப்பவர்கள் குஸ்கோவின் சொந்த மக்கள். ஓவியத்தின் கீழ் விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும் முகங்களையும் பாருங்கள். சிலர் ஓவியத்துக்குப் பணம் தந்தவர்கள்.

* * *

நான் ஜூன் மாதம் அந்த நற்கருணைப் பெருவிழாவின்போதே போயிருந்தேன். பதினைந்து சுரூபங்கள் பேராலயத்துக்கு வந்தன, எல்லாம் மனிதத் தோள்களில். மறுநாள் அருங்காட்சியகத்தில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்தவராகச் சொல்லப்படும் புனித கிறிஸ்தோபரை ஓவியத்தில் கண்டதும் நின்றுவிட்டேன். முந்தின நாள் சப்பரத்தின் பாரத்தில் தள்ளாடியவர்களின் மூச்சு காதில் கேட்டது. ஓவியத்தில் அவர் தேரில் ஏறி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார்.