அப்பாவின் துப்பாக்கியைத் தம்பி கேட்கான்: நான் சம்மதக் கையெழுத்து போடலாமா?

கடையத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா போன மாசியில தவறிட்டாங்க. அவங்க பேர்ல லைசென்ஸ் உள்ள ஒத்தக்குழல் தோட்டாத் துப்பாக்கி ஒண்ணு வீட்டுல இருக்கு. வயல் மலையடிவாரத்துல. காட்டுப்பன்னி இறங்குனா வானத்தப் பாத்து ஒரு வெடி வைப்பாங்க, அவ்வளவுதான். எந்த உயிரையும் சுட்டதில்ல.

தேர்தல் அறிவிப்பு வந்தா துப்பாக்கியைப் பழைய வேட்டியில சுத்தி, சைக்கிள் பார்ல கட்டி, ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வருவாங்க. ரசீது பீரோவுல ரேஷன் கார்டோட இருக்கும். முடிவு வந்த பிறகு போய் வாங்கிட்டு வருவாங்க. அப்பாவுக்கு அதுல ஒரு மனக்குறையும் இருந்ததில்ல.

இப்ப தம்பி அதைத் தன் பேருக்கு மாத்தணும்ங்கான். பல வருசம் டெக்சாஸ்ல இருந்துட்டு, விவசாயம் பாக்கணும்னு திரும்பி வந்தவன். “அங்க எங்க தெருவுல பாதி வீட்டுல துப்பாக்கி இருந்துச்சு, யாரும் போலீஸ்ட்ட கைகட்டி நிக்கல. என் வீட்டைக் காப்பாத்த நான் ஏன் கலெக்டர்கிட்ட காரணம் சொல்லணும்?”ன்னு கேக்கான். நல்ல பையன்தான், கோவம் மட்டும் கூட. சித்தப்பா வீட்டோட வரப்புத் தகராறு ஒண்ணு தீராமக் கிடக்கு. வீட்டுல பத்து வயசுப் பிள்ளை வேற இருக்கான்.

என் கையெழுத்து வேணும்ங்கான். போடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை ஓய்வூதியர்:

தங்கச்சி, கையெழுத்து பத்திப் பிறகு யோசிக்கலாம். முதல்ல துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளிய கொண்டுபோங்க. லைசென்ஸ்காரர் இறந்த பிறகு அது யார் கையில இருந்தாலும் லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான். 1959 ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி தாமதம் இல்லாம பக்கத்து ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 2 வருசத்துல இருந்து 5 வருசம் வரைக்கும் சிறை. ‘அப்பா துப்பாக்கிதான’ன்னு பரண்ல போட்டு வச்சிருந்து மாட்டிக்கிட்டவங்களை நான் வேலையில இருந்தப்பவே பாத்திருக்கேன்.

வாரிசுக்கு லைசென்ஸ் தர 2016 விதிகள்ல இடம் இருக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம், மருத்துவச் சான்று, பத்திரமா வைப்பேன்னு உறுதிமொழி, எல்லாத்துக்கும் மேல போலீஸ் விசாரணை அறிக்கை. கடையம் 2019 நவம்பர்லயே தென்காசி மாவட்டத்துக்குப் போயிட்டதால கொக்கிரகுளத்துல உள்ள நெல்லை கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம், தென்காசி கலெக்டர் ஆபீஸ்தான். கிடைச்சா 5 வருசத்துக்குச் செல்லும். வரப்புத் தகராறுல ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தா விசாரணையில அது கண்டிப்பா வரும்.

களக்காடு வாழைத்தோட்டம்:

அக்கா, உங்க தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. குலை தள்ளுற நேரத்துல ஏத்தன் வாழையை ஒரே ராத்திரியில பன்னி சாய்ச்சிட்டுப் போறதைப் பாத்தவனுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும். கேரளாவுல 2022-ல இருந்து பஞ்சாயத்தே லைசென்ஸ் உள்ளவங்களை வச்சுப் பன்னியைச் சுட ஏற்பாடு இருக்கு. நம்ம பக்கம் 2025 ஜனவரியில அறிவிச்சது, காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம்னு. என் தோட்டம் புலிகள் காப்பகத்து எல்லையை ஒட்டி. 3 கிலோமீட்டருக்கு நான் எங்க போக?

இன்னொண்ணையும் சொல்லணும். துப்பாக்கிக்கு இவ்வளவு கெடுபிடி. ஆனா ஒருத்தன் கரண்ட் வேலி போடுதான், இன்னொருத்தன் அவுட்டுக்காய், அதான் தீனிக்குள்ள மறைச்ச நாட்டு வெடி, வைக்கான். அதுல ஆளும் சாகுது, யானையும் சாகுது. சட்டப்படி பதிஞ்சு, ஸ்டேஷனுக்குத் தெரிஞ்சு ஒருத்தன் வச்சிருக்கிற துப்பாக்கியே எனக்குத் தேவலாம்னு படுது.

டல்லாஸ் அம்பைக்காரன்:

உங்க தம்பி சொல்றதுல பாதி உண்மை. துப்பாக்கி வச்சிருக்கிறது இங்க 1791-லயே அரசியல் சாசனத்துல சேர்த்த உரிமை. தரமாட்டேன்னா அரசாங்கம்தான் காரணம் சொல்லணும். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு ஆனவங்க பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே இடுப்புல வச்சுட்டுப் போகலாம். நாட்டுப்புறத்துல போலீஸ் வந்து சேர அரைமணி நேரத்துக்கும் மேல ஆகும், அங்க உள்ளவங்க பயம் பொய்யில்ல. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அருமையான மனுசன், மான் வேட்டைக்குப் போவார், இரும்புப் பெட்டியில பூட்டித்தான் வச்சிருப்பார்.

மீதிப் பாதியைத் தம்பி சொல்லியிருக்க மாட்டார். மகளை விளையாட அனுப்பும்போது ‘வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா’ன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறோம். பள்ளிக்கூடத்துல கதவைப் பூட்டி, விளக்கை அணைச்சு, பிள்ளைங்க சத்தமில்லாம மூலையில உக்காரப் பயிற்சி குடுக்காங்க. 2022 மே மாசம் இதே டெக்சாஸ்ல, யுவால்டேல, 19 பிள்ளைங்களும் 2 டீச்சரும் செத்தாங்க. வெளிய போலீஸ் துப்பாக்கியோட ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுட்டிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

கயத்தாறு வாசகன்:

நம்ம சீமையில ஆயுதம் பறிச்ச கதை பழசு. பாளையக்காரர்களை அடக்கின பிறகு 1801 டிசம்பர்ல மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டு ஆயுதத்தைத் தடை பண்ணினான். 1878 சட்டம் இந்தியனுக்கு மட்டும் லைசென்ஸ் கேட்டுச்சு, வெள்ளைக்காரனை விட்டுட்டுது. அந்த வழியில வந்த சட்டத்தை எப்படி மதிக்கச் சொல்லுதீங்க? அதோட இங்க கொலை எல்லாம் அரிவாள்ல. 2024 டிசம்பர் 20, பாளையங்கோட்டை கோர்ட் வாசல்லயே ஒருத்தனை ஓட ஓட வெட்டினாங்க. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தி என்ன ஆச்சு?

கடையத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கயத்தாறு அண்ணாச்சி, வெள்ளைக்காரன் சட்டம் நம்மள அடக்கப் போட்டதுங்கிறதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா 1959-ல நம்ம நாடாளுமன்றமே அதை எடுத்துட்டு, ஆளுக்கு ஆள் பேதம் பாக்காத வேற சட்டம் போட்டுச்சு. கோர்ட் வாசல் கொலையில ஒருத்தனை அங்கேயே போலீஸ்காரர் விரட்டிப் பிடிச்சாரு. அவன் கையில இருந்தது அரிவாள்ங்கிறதாலதான அவ்வளவு கிட்டப் போக முடிஞ்சுது? துப்பாக்கியா இருந்தா அன்னைக்கு வழக்குக்கு வந்து நின்ன பொம்பளைங்க, வக்கீலுங்க எத்தனை பேர் மேல பட்டிருக்கும்? அரிவாள் கொலை நிக்கணும். அது நிக்கலைங்கிறதுக்காகத் துப்பாக்கியையும் திறந்துவிட முடியாது.

களக்காட்டுத் தம்பி சொன்னது மனசுல தைச்சுது. பன்னிக்கு வழி கேக்கிறது நியாயம். ஆனா லைசென்ஸ் இருந்தாலும் எங்க வயல்ல பன்னியை நாமளா சுடக்கூடாதே, வன உயிரினச் சட்டத்துல வழக்கு வருமே. அப்போ தம்பிக்கு அது எதுக்கு? எனக்குப் பயமே சித்தப்பா மகனை நினைச்சுத்தான். கோவம் ஒரு நாழிகைதான் இருக்கும், வீட்டுக்குள்ள போய் எடுத்துட்டு வர அந்த ஒரு நாழிகை போதும். எங்க அப்பாவும் கோவக்காரர்தான். ஆனா வருசத்துக்கு ஒருத்தராவது வந்து ‘எங்க இருக்கு, எத்தனை தோட்டா இருக்கு’ன்னு கேப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். தம்பி அந்தக் கேள்வியையே அவமானம்னு நினைக்கான். அதனால வரப்புத் தகராறு தீர்ற வரைக்கும் நான் கையெழுத்து போடல. அவன்கிட்ட நேராவே சொல்லிட்டேன், ரெண்டு நாளா பேசல. டல்லாஸ்காரர் எழுதுனதை மட்டும் படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டான்.

திங்கட்கிழமை ஸ்டேஷன்ல ஒப்படைக்க மட்டும் ஒத்துக்கிட்டான். பாளை அண்ணாச்சி, அலமாரியில தோட்டாவும் கொஞ்சம் இருக்கு. அதையும் சேத்துதான குடுக்கணும்?

பாளை ஓய்வூதியர்:

ஆமாம்மா, ஒண்ணு விடாமக் குடுங்க. ரசீதுல துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை ரெண்டும் எழுதச் சொல்லி, அங்கேயே நின்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. லைசென்ஸ் புத்தகத்தையும் நகல் எடுத்துட்டுக் கொண்டுபோங்க.