5 எச்.பி. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, 7.5 போட்டால் சரியாகுமா?

மேட்டுக்காட்டான்:
தோட்டம் கோவைக்குக் கிழக்கே. கிணறு 60 அடி, பாதியில் ஒரு திட்டுக் கட்டி அதில் 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) வைத்திருக்கிறோம். பத்து வருடமாகத் தொந்தரவே இல்லை. இந்தக் கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டது, கயிறு விட்டுப் பார்த்தால் மோட்டாரிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு 27 அடி இருக்கிறது. பிரைமிங் பண்ணி, அதாவது பம்பிலும் பைப்பிலும் தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் பம்புக்குள் சரளைக்கல் உருள்கிற மாதிரி சத்தம், டெலிவரியில் பாதிகூட வருவதில்லை. மெக்கானிக் "எச்.பி. பத்தலைங்க, 7.5 போட்டுடலாம்" என்கிறார். செலவு செய்யலாமா?

பழைய ஃபிட்டர்:
செய்யாதீர்கள் தம்பி. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோமே, அது பேச்சுக்குத்தான். பம்புக்குள் சுற்றும் சக்கரமான இம்பெல்லர் தன் நடுவில் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. குழாய்க்குள் தண்ணீரை ஏற்றிவிடுவது கிணற்றில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று. கடல் மட்டத்தில் காற்றால் 10.3 மீட்டர் வரை ஏற்ற முடியும், கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 9.8 மீட்டர்தான். 100 எச்.பி. போட்டாலும் இந்த எண் மாறாது.

உங்கள் 27 அடி என்பது 8.2 மீட்டர். மீதி 1.6 மீட்டர் இருக்கிறது. அதற்குள் சக்‌ஷன் பைப்பின் உராய்வு, பெண்டு (வளைவு), பைப்பின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வு எல்லாம் அடங்கியாக வேண்டும். சக்‌ஷன் இரண்டரை இன்ச் என்றால், நொடிக்கு 8 லிட்டர் ஓடும்போது இவையே 2 மீட்டருக்கு மேல் தின்றுவிடும். ஆகவே 8 லிட்டர் வராது. வருகிற தண்ணீரும் இம்பெல்லர் வாயில் அழுத்தம் அடியோடு குறைந்து, சாதாரணச் சூட்டிலேயே கொதித்துக் குமிழியாகி, அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போனதும் குமிழி உடைகிறது. நீங்கள் கேட்கிற சரளைக்கல் சத்தம் அதுதான், கேவிட்டேஷன் என்பார்கள். இப்படியே ஓட்டினால் இம்பெல்லர் சொத்தைப் பல் மாதிரி குழி குழியாகிவிடும், கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

7.5 போட்டால் அது இன்னும் அதிக லிட்டர் கேட்கும், உராய்வோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆக நிலைமை மோசமாகும். இப்போதைக்கு டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுங்கள், சத்தம் குறையும். மூடினால் மோட்டாருக்கு லோடு ஏறும் என்று பயப்பட வேண்டாம், இந்த வகைப் பம்பில் ஓட்டம் குறைந்தால் ஆம்ப்ஸும் குறையும், ஸ்டார்ட்டர் மீட்டரிலேயே தெரியும். நிரந்தரமாக வேண்டுமானால் திட்டை 12 அடி கீழே இறக்குங்கள், இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே முழுகி ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் போடுங்கள்.

நாலு ஏக்கர்:
ஃபிட்டர் அண்ணே, நீங்கள் சொல்கிற 9.8 மீட்டர் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வீட்டு போரில் மோட்டார் தரைக்கு மேலேதான் இருக்கிறது, 80 அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஃபிட்டர்:
போருக்குள் எத்தனை பைப் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருக்கும். அது ஜெட் பம்பு. ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதியை ஒரு பைப் வழியே திரும்ப அடியில் அனுப்பி, நாசில் வழியாகப் பீய்ச்சி, அந்த வேகத்தில் மற்ற தண்ணீரையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. கீழேயிருந்து தள்ளுகிறோமே தவிர மேலேயிருந்து உறிஞ்சவில்லை, அதனால் அந்த எல்லை குறுக்கே வராது. ஆனால் ஏற்றியதையே திரும்பத் திரும்ப ஏற்றுவதால் கரண்ட் வீண். வீட்டுக்குச் சரி, தோட்டத்துக்கு வேண்டாம்.

மேட்டுக்காட்டான்:
நன்றி அண்ணே, திட்டை இறக்கக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் சல்லடை முழுக்கப் பாசியும் நத்தை ஓடும், அதுவும் ஒரு காரணம் போல.

இன்னொரு சந்தேகம், சிரிக்காதீர்கள். பங்காளி வீட்டில் சோலார் போட்டிருக்கிறான். பகலில் மிஞ்சும் கரண்டில் 30 அடி உயரத் தொட்டிக்கு 10,000 லிட்டர் ஏற்றி, ராத்திரி அதே தண்ணீரைப் பம்பு வழியாகத் திருப்பி இறக்கினால் கரண்ட் எடுக்கலாம் என்கிறான். நடக்குமா?

அணைக்கட்டு ரசிகன்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். யோசனையில் தப்பே இல்லை, ஆழியாறு மலையில் காடம்பாறை மின்நிலையம் இதைத்தான் செய்கிறது. 100 மெகாவாட் எந்திரம் நான்கு. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தண்ணீருக்குள் முழுகிச் சுற்றும் ஒரே ஃபிரான்சிஸ் சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் டர்பைன், திருப்பிச் சுற்றினால் பம்பு. எல்லா டர்பைனும் இப்படித் திரும்பாது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையத்தில் 3,000 அடிக்கு மேலிருந்து விழும் தண்ணீரை வாங்குவது பெல்டன் சக்கரம், அது காற்றில் நின்றபடி கிண்ணங்களில் அடி வாங்குகிற சாதனம், அதை வைத்துத் தண்ணீர் ஏற்ற வழியே இல்லை.

பங்காளிக்கு இடிக்கிற இடம் உயரம். 10,000 கிலோ, 9 மீட்டர், 9.8 மூன்றையும் பெருக்கினால் ஜூல் கணக்கில் ஆற்றல் வரும், ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் என்பதால் அதை 36 லட்சத்தால் வகுங்கள். கால் யூனிட்! அதுவும் நஷ்டமே இல்லாவிட்டால். மோனோபிளாக்கை டர்பைனாக ஓட்டலாம்தான், ஆனால் அதே வேகத்தில் சுற்ற, பம்பாக அது தரும் ஹெட்டையும் (தண்ணீர் ஏறும் உயரம்) ஓட்டத்தையும்விட அதிகம் கேட்கும். ஓட்டம் மாறும்போது தண்ணீரைச் சரியான கோணத்தில் திருப்பிக் கொடுக்கும் தகடுகள், அதாவது கைடு வேனும், உள்ளே கிடையாது. பாதி கிடைத்தால் பெரிது, ஒரு ஃபேன் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றிலேயே 1.8 யூனிட் இருக்கிறது. காடம்பாறையில் ஒவ்வொரு 1,000 லிட்டரும் 300 மீட்டருக்கு மேல் இறங்குகிறது, அதனால் 0.8 யூனிட் அதில் இருக்கிறது. அதோடு தொட்டி கிடையாது, ஏரி.

நாலு ஏக்கர்:
போய் எண்ணினேன். இரண்டு பைப்தான் 😅

பழைய ஃபிட்டர்:
மேட்டுக்காட்டான் தம்பி, திட்டை இறக்கும்போதே சக்‌ஷனை மூன்று இன்ச் ஆக்கிவிடுங்கள், பெண்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மழை வந்து கிணறு ஏறினால் மோட்டார் முழுகும், அதைத் தூக்கச் செயின் பிளாக் மாட்ட மேலே ஒரு கர்டருக்கும் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.