ஒரே வைஃபை: போனில் மெயில் திறக்கிறது, கம்ப்யூட்டரில் எச்சரிக்கை

பழையசுட்டி:
வணக்கம். நேற்று சாயங்காலத்திலிருந்து குரோமில் அலுவலக வெப்மெயிலைத் திறந்தால் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்கிறது. கீழே பொடி எழுத்தில் "செர்ட் அத்தாரிட்டி இன்வேலிட்" என்று முடிகிற ஒரு குறி. மீறி உள்ளே போகும் லிங்க்கே தரவில்லை. அதே வைஃபையில் போனில் ஒழுங்காகத் திறக்கிறது. அவசரமாக ஒரு ஃபைல் அனுப்ப வேண்டும், எப்படித் தாண்டுவது?

அலைவரிசை:
தேதி, நேரம் சரியா பாருங்க. கேஷ், குக்கீ அழிச்சிட்டுத் திறங்க.

கம்பிவடம்:
தேதி தப்பென்றால் "செர்ட் டேட் இன்வேலிட்" என்று வரும். இங்கே வந்திருப்பது அத்தாரிட்டி. அதாவது, தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் கையெழுத்திட்டவர் யாரென்று பிரௌசருக்குத் தெரியவில்லை. கேஷை அழித்துப் பயனில்லை.

சுட்டி, தயவுசெய்து தாண்ட வழி தேடாதீர்கள். லிங்க் வராததற்குக் காரணம் அநேகமாக அந்தத் தளம் வைத்திருக்கும் ஹெச்எஸ்டிஎஸ், அதாவது பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று பிரௌசருக்குச் சொல்லும் விதி. உங்கள் பாஸ்வேர்ட் நடுவில் யார் கையிலும் சிக்கக் கூடாது என்பதற்கான பூட்டு அது. அவசரத்துக்குப் போனிலிருந்தே ஃபைலை அனுப்பிவிடுங்கள்.

போனில் திறக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான். முகவரிக்கு இடப்பக்கம் "பாதுகாப்பானது அல்ல" என்று இருக்கும். அதை அழுத்திச் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழையசுட்டி:
பார்த்தேன். என் ஆன்டிவைரஸ் பெயர் இருக்கிறது! நேற்றுதான் அது அப்டேட் ஆனது.

கம்பிவடம்:
அதேதான். சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் உட்கார்ந்து மறையாக்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, தங்கள் சொந்தச் சான்றிதழைப் போட்டு பிரௌசருக்கு அனுப்பும். அந்தச் சான்றிதழுக்கு அடிப்படையான ரூட் சான்றிதழ் விண்டோஸில் சரியாகப் பதியாவிட்டால் இந்த எச்சரிக்கை வரும். ஆன்டிவைரஸின் செட்டிங்ஸில் ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்பதை மட்டும் நிறுத்துங்கள், ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அட்மினைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

அலைவரிசை:
முன்பின் தெரியாத பெயர் இருந்தா?

கம்பிவடம்:
அப்போதுதான் பயப்பட வேண்டும். லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இப்படித்தான் தன் ரூட்டைப் போட்டு வைத்திருந்தது, 2015-ல் வெளியே வந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி, அதையும் உடைத்துவிட்டார்கள். அங்கே எச்சரிக்கையே வராது என்பதுதான் கொடுமை.

பழையசுட்டி:
சொந்தக் கம்ப்யூட்டர்தான். ஸ்கேனிங்கை நிறுத்தியதும் மெயில் திறந்துவிட்டது. ரொம்ப நன்றி.

கம்பிவடம்:
நல்லது. குரோமை ஒருமுறை மூடித் திறந்து, வழங்கியவர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.