கஷ்டகாலத்தில் உங்கள் இருவரையும் பிரியாமல் வைத்தது எது?

மழைத்துளி:
என் கணவருக்கு வேலை போன சமயத்தைப் பற்றி எழுதுகிறேன். பணம் குறைந்ததை எப்படியோ சமாளித்துவிட்டோம். அவருடைய கூச்சத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. வீட்டுக்குள் வாயே திறக்க மாட்டார். என் மேல்தான் ஏதோ கோபம் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அவர் இன்னும் ஒதுங்கிப் போவார்.

ஓர் ஆலோசகரிடம் போனோம். ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-ல் வெளியிட்ட பட்டியலை அவர் காட்டினார். வாழ்க்கையில் வரும் மாற்றங்களுக்கு, அவை தரும் மன அழுத்தத்தை வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். துணையை இழப்பதற்கு 100. வேலை பறிபோவதற்கு 47, பணநிலை மாறுவதற்கு 38, கணவன் மனைவி சண்டை கூடிப்போவதற்கு 35. (கல்யாணம் செய்துகொள்வதற்கே 50! அதைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம்.) வேலையும் பணமும் எங்கள் கையில் இல்லை. அந்த 35-ஐ நாங்களேதான் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களைப் பற்றி "பதில் ஏதாவது வந்ததா?" என்று நான் கேட்க மாட்டேன். வந்தால், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே அவர் சொல்லிவிட வேண்டும். கடன், சேமிப்புப் பேச்சு ஞாயிறு காலையில் மட்டும். கேட்காமல் இருப்பது லேசில்லை, நாக்கு நுனி வரை வந்துவிடும். ஆனால் கேள்வி நின்றதும் மனிதர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

பழைய சைக்கிள்:
எங்கள் வீட்டில் நேர் எதிர். பேசிப் பேசியே பொழுது விடிந்துவிடும். தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்வது இது: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருங்கள். சரி என்று எழுந்து போக ஆரம்பித்தேன். மனைவிக்கு அது முகத்தில் அடித்தாற்போல இருந்ததாம். இப்போது "எட்டரைக்கு வந்து பேசுறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போகிறேன். எட்டரைக்கு வந்தே ஆக வேண்டும், அதில் டிமிக்கி கொடுக்க முடியாது.

ஆந்தை:
என் மனைவிக்கு நீண்டகால நோய். எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அவளுக்குத்தான் எரிச்சல். "என்னை நோயாளியா மட்டும்தான் பார்க்குறீங்க" என்றாள். வீட்டுக் கணக்கு, பிள்ளையின் பாடம், மருத்துவமனைக்குப் போன் போடுவது எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் செய்திருந்த வீண் செலவுகளைக் கண்டுபிடித்துத் திட்டவும் திட்டினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் பழைய மாதிரி இருந்தோம்!

தம்பதிகள் நெருக்கடியைச் சமாளிக்கும் விதத்தை உளவியலாளர் போடன்மன் வகை பிரித்திருக்கிறார். துணைக்கு ஆதரவாக இருப்பது ஒன்று, துணையின் வேலையைத் தான் வாங்கிச் செய்வது ஒன்று, இருவரும் சேர்ந்தே பிரச்சினையில் இறங்குவது ஒன்று. இரண்டாவது இல்லாமல் எங்களுக்கு நாள் ஓடாது. ஆனால் அவள் கேட்டது மூன்றாவதை.

நீலப்பூ:
கை நீட்டும் ஆளிடம் இதெல்லாம் செல்லாது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் அக்காவிடம் "பொறுத்துப் போ" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிரிந்து வந்த பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். மழைத்துளி, வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னீர்களா?

மழைத்துளி:
அவருடைய நண்பர், என் தங்கை, இவர்களிடம் மட்டும். யாரிடம் சொல்லலாம் என்பதை அவரையே முடிவு செய்யச் சொன்னேன். மற்றவர்கள் கேட்டால் "வேற இடம் பார்த்துட்டிருக்கார்" என்று இருவரும் ஒரே பதில். அதற்கு முன்னால் ஆளுக்கொரு கதை சொல்லி, அதற்கே தனியாக ஒரு சண்டை நடந்தது.