புதுப்பிப்பு: பழைய கும்மிப் பாட்டு நூல்களின் எழுத்துணரி பிழைகள் தீர்ந்தன

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கணினிப் பயிற்சி வகுப்பில் ஊர்க்காரர்களோடு பழைய சிந்து, கும்மி நூல்களை மின்னாக்கம் செய்யும்போது, எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் OCR மென்பொருள்) ணை, லை, றா எல்லாம் தப்பாக வருகிறதே என்று கேட்டிருந்தேன்.

மென்பொருளை மாற்றிப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. கைபேசிப் படத்தை விட்டுவிட்டு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது, மங்கலான புள்ளிகள்கூடத் தெளிவாக விழுந்தன. மிச்சமிருந்தவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள், யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்பு வைத்த ‘லை’ மாதிரி. அவற்றை விக்கிமூலத்தில் (பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் கட்டற்ற இணைய நூலகம்) படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துக் கையால் திருத்தினோம்.

எதிர்பாராதது ஒன்று: தட்டச்சே தெரியாத பெரியவர்கள்தான் மெய்ப்புப் பார்ப்பதில் முன்னால் நின்றார்கள், அவர்கள் பள்ளியில் படித்ததே அந்த எழுத்துகள்தானே! அவர்கள் வாசிக்க, இளையவர்கள் தட்டச்சு செய்கிறார்கள். இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.