மேலத்தெரு வீடு: பீரங்கியும் வளைகாப்பும்

சுமதி: நாளை வருண் வகுப்பில் 3 நிமிடம் பேச வேண்டுமாம். 1792இல் பிரான்சில் நடந்த வால்மி சண்டை. அத்தனை குண்டு போட்டும் ஏன் நிறையப் பேர் சாகவில்லை என்று மிஸ் கேட்டிருக்கிறார். பெரியப்பா இருக்கிறீர்களா?

கண்ணன்: போச்சு.

பெரியப்பா: இருக்கிறேன்மா. எல்லாம் தூரம்தான் காரணம். அந்தக் காலத்து 12 பவுண்டுப் பீரங்கி, 6 கிலோ இரும்புக் குண்டை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் வீசும். ஆனால் குறி வைத்து அடிக்க 900 மீட்டர்தான். வால்மியில் பிரஷ்யரும் (பிரஷ்யா, அப்போதிருந்த ஒரு ஜெர்மன் அரசு) பிரெஞ்சுக்காரரும் ஆயிரம் மீட்டருக்கு அப்பால் நின்றே சுட்டார்கள். 20,000 குண்டுகள் என்பார்கள். செத்தவர், காயம்பட்டவர் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 500 பேர்.

அலமேலு அத்தை: ஞாயிறு வளைகாப்புக்கு வேன் சொல்லியாச்சா?

பெரியப்பா: இரு, இன்னும் முடியவில்லை. குண்டு விழுந்த இடத்தில் நிற்காது. குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவோமே, அப்படித் தத்தித் தத்திப் போய் வரிசையாக நிற்பவர்களைச் சாய்க்கும். வால்மியில் மழை, களிமண் சேறு. விழுந்த இடத்திலேயே புதைந்துவிட்டது.

கண்ணன்: சித்தப்பா கல்யாணத்தில் விட்ட ராக்கெட் மாதிரி.

சித்தப்பா: அது புதையவில்லை, பந்தலுக்குள் தத்தியது. விட்டது நீதானேடா.

சுமதி: கிட்டப் போய்ச் சுட்டிருக்கலாமே என்கிறான் வருண்.

பெரியப்பா: கெட்டிக்காரன். கிட்டத்தில் தகர டப்பாவில் சின்னச் சின்னக் குண்டுகளை அடைத்துச் சுடுவார்கள். பீரங்கி வாயை விட்டதும் சிதறும். 500 மீட்டர் தாண்டினால் உதவாது, நெருங்க நெருங்கக் கொடூரம். 1807இல் ரஷ்யரோடு நடந்த ஃப்ரீட்லாந்து சண்டையில் செனார்மோன் என்ற பிரெஞ்சுத் தளபதி 30 பீரங்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி, 150 மீட்டருக்குள் கொண்டுபோய் ரஷ்யக் காலாட்படையைச் சிதைத்தார். ஆனால் அவ்வளவு கிட்டே போனால் துப்பாக்கிக்காரன் நம் ஆளையும் சுடுவான். வால்மியில் பிரஷ்யர் நெருங்காததற்கு இன்னொன்றும் சொல்வார்கள். படையில் நிறையப் பேருக்குச் சீதபேதி.

கண்ணன்: காதுகுத்து சாம்பார் அங்கேயுமா?

அலமேலு அத்தை: அந்தச் சமையல்காரரை நான் சொல்லவில்லை. எத்தனை முறைதான் சொல்வது?

சித்தப்பா: அப்படியென்றால் யார் சொன்னது?

அலமேலு அத்தை: அண்ணாவைக் கேள்.

சுமதி: பெரியப்பா, இதை 3 நிமிடத்துக்குச் சுருக்கித் தர முடியுமா?

பெரியப்பா: 🎤 குரல் பதிவு (11:42)

கண்ணன்: சுருக்கம்!

சுமதி: வருண் தூங்கிவிட்டான். காலையில் கேட்கச் சொல்கிறேன்.

அலமேலு அத்தை: வேன் 12 பேருக்கா, 17 பேருக்கா?

சித்தப்பா: சமையல் யார் என்று தெரிந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லலாம்.

அலமேலு அத்தை: 🙄

பெரியப்பா: சாம்பார் விஷயத்தை நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன்.